கணிப்பொறியின் பதிவேடு: படிப்பதும் பாதுகாப்பதும்

அரசு அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு ‘லாக் புத்தகம்’ என்பது புதிய சொல் அன்று. அலுவலக ஜீப் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே சென்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு டீசல் செலவாயிற்று என்பனவற்றை ஓட்டுநர் அதில் எழுதுகிறார். பயணம் செய்த அதிகாரி கையொப்பமிடுகிறார். துணை மின்நிலையத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் குறித்த நேரங்களில் ஏட்டில் குறிக்கப்படுகின்றன. காவல் நிலையத்தில் பொது நாட்குறிப்பு உள்ளது. இவை யாவற்றுக்கும் அடிப்படைக் கொள்கை ஒன்றே. நிகழ்ந்ததை, நிகழ்ந்த நேரத்தில், நிகழ்ந்த வரிசையிலேயே எழுதி வைத்தால், பின்னர் ஐயமோ விபத்தோ தகராறோ எழும்போது உண்மையை அறிய முடியும்.

கணிப்பொறியும் தனக்கென இத்தகைய பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்கிறது. இங்கு எழுதுவது மனிதன் அன்று, இயந்திரமே. கணிப்பொறி இயங்கத் தொடங்கியது, ஒருவர் உள்நுழைந்தது, அச்சுப்பொறி பதில் அளிக்காதது, வட்டின் ஒரு பகுதியைப் படிக்க இயலாமற்போனது, மின்சாரம் திடீரென நின்றது ஆகிய அனைத்தும் அதில் வரி வரியாகச் சேர்கின்றன. இவற்றைத் தாங்கும் கோப்புகளே பதிவுக் கோப்புகள் அல்லது ‘லாக் ஃபைல்கள்’ எனப்படுகின்றன.

ஆயினும் பெரும்பாலான அலுவலகங்களில் இப்பதிவேட்டை எவரும் திறந்து பார்ப்பதில்லை. இயந்திரம் பழுதானால் பழுதுநீக்குபவர் வருகிறார். வட்டை அழித்து மென்பொருளைப் புதிதாக நிறுவுகிறார். இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. ஆனால், பழுது ஏன் ஏற்பட்டது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அத்துடன் அழிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே பழுது மீண்டும் வரும்போது ஆராய்ச்சியை முதலிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. நில ஆவணங்களும் ஓய்வூதியக் கணக்குகளும் உணவுப் பங்கீடும் கணிப்பொறி வழியே நடைபெறும் இக்காலத்தில், இந்த அலட்சியத்தின் விலையைக் குடிமகனே செலுத்த நேர்கிறது.

சொல்லின் வரலாறு

‘லாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சம இடைவெளிகளில் முடிச்சுகள் இருக்கும். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே நழுவிச் சென்றன என்று எண்ணி வேகத்தைக் கணித்தனர். அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்த ஏடு ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. கப்பலின் வேகம் இன்றும் ‘முடிச்சு’க் கணக்கிலேயே கூறப்படுகிறது.

கணிப்பொறித் துறையிலும் தொடக்கத்தில் பதிவேடு கையால் எழுதப்பட்டதே. இவற்றுள் மிகவும் புகழ்பெற்ற ஏடு, அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க்-2 கணிப்பொறியின் பதிவேடு. 1947 செப்டம்பர் 9-ஆம் நாளுக்குரிய பக்கத்தில், இயந்திரம் காலையில் தொடங்கப்பட்டது முதல் மாலையில் நிறுத்தப்பட்டது வரை நேரவாரியாகக் குறிப்புகள் உள்ளன. பிற்பகல் 3 மணி 45 நிமிடத்துக்கு நேராக, எஃப் பலகையின் 70-ஆம் மின்தொடர்பியில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது என்ற குறிப்பும், அந்தப் பூச்சியே காகிதத்தில் ஒட்டப்பட்டும் காணப்படுகின்றன. இயந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்று குறிக்கும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. உண்மையான பூச்சியே அகப்பட்டதால் அக்குறிப்பு ஒரு வேடிக்கையாகவும் நிலைத்துவிட்டது. அந்த ஏடு இப்போது வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் ஒரு நல்ல பதிவுக்குரிய இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது. எப்போது, எந்த இயந்திரத்தில், எந்த உறுப்பில், என்ன நிகழ்ந்தது என்ற நான்கும் அதில் உண்டு. இன்றைய மின்னணுப் பதிவும் இவற்றையே கூறுகிறது.

பதிவில் அடங்கியவை

பதிவுக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் பொதுவாக ஆறு செய்திகள் இருக்கும்: நிகழ்ந்த நாளும் நேரமும், கணிப்பொறியின் பெயர், செய்தியை எழுதிய நிரல் அல்லது உறுப்பு, நிகழ்ச்சியின் கடுமை, நிகழ்ச்சி எண், விளக்கம்.

இவற்றுள் கடுமை என்பது குறிப்பிடத்தக்கது. எல்லாச் செய்திகளும் ஒரே மதிப்புடையன அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 1980-களில் ‘சிஸ்லாக்’ என்னும் பதிவு முறையை உருவாக்கினார். பின்னர் அனைத்துலகத் தரமாக வகுக்கப்பட்ட இம்முறையில், 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உள்ளன. 0 என்பது அமைப்பே பயன்படாத நெருக்கடி நிலை; 3 என்பது பிழை; 4 என்பது எச்சரிக்கை; 6 என்பது வெறும் தகவல்; 7 என்பது நிரலாளரின் ஆய்வுக்கான நுண்குறிப்பு. எண் குறையக் குறையக் கடுமை மிகுகிறது. சர்வர்களும், வலையமைப்புக் கருவிகளும், பாதுகாப்புச் சாதனங்களும் இன்றும் இந்த அளவுகோலையே பின்பற்றுகின்றன. விண்டோஸ் முறையில் தகவல், எச்சரிக்கை, பிழை, நெருக்கடி என்ற பாகுபாடு வழங்குகிறது.

பதிவுகளைப் பார்த்தல்

விண்டோஸ் கணிப்பொறியில் பதிவேட்டைத் திறக்கும் கருவி ‘ஈவென்ட் வியூவர்’ எனப்படும். இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இயக்க மென்பொருளுடனேயே இது வருகிறது. இதில் முக்கியமான ஏடுகள் மூன்று. ‘சிஸ்டம்’ என்னும் ஏட்டில் இயந்திரம், வட்டு, மின்சாரம், இயக்க மென்பொருள் பற்றிய செய்திகள் சேர்கின்றன. ‘அப்ளிகேஷன்’ ஏட்டில் பயன்பாட்டு மென்பொருள்கள் எழுதுகின்றன. ‘செக்யூரிட்டி’ ஏட்டில் யார் உள்நுழைந்தார், யாருடைய முயற்சி மறுக்கப்பட்டது என்பன பதிவாகின்றன. இதைக் காண நிர்வாகிக்குரிய உரிமை வேண்டும்.

சில நிகழ்ச்சி எண்களை அறிந்திருப்பது மிகுந்த பயன் தரும். 6005 என்பது பதிவுப் பணி தொடங்கியதையும், 6006 என்பது அது முறையாக நின்றதையும் குறிக்கின்றன. எனவே இயந்திரம் எப்போது இயங்கியது என்பதை இவ்விரண்டாலும் அறியலாம். 6008, 41 ஆகியவை முறையாக நிறுத்தப்படாமல் இயந்திரம் நின்றுபோனதைக் காட்டுகின்றன. 4624 என்பது வெற்றியான உள்நுழைவு. 4625 என்பது தோல்வியுற்ற உள்நுழைவு. 1102 என்பது பாதுகாப்புப் பதிவேட்டை யாரோ அழித்துவிட்டார் என்பதைச் சொல்கிறது. ஏட்டை அழித்தாலும், அழித்த செயலே புதிய ஏட்டின் முதல் வரியாக நின்றுவிடுகிறது.

லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் பதிவுகள் பெரும்பாலும் ‘வார்’ என்னும் அடைவின் கீழுள்ள ‘லாக்’ என்னும் உள்ளடைவில் வைக்கப்படுகின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இந்த வகையைச் சேர்ந்ததே. அண்மைக்காலப் பதிப்புகளில் ‘ஜர்னல்’ என்னும் தொகுப்பு முறையும் உள்ளது. குறிப்பிட்ட ஒரு பணியின் பதிவை மட்டுமோ, முந்தைய துவக்கத்தின் பதிவை மட்டுமோ காட்டுமாறு இதைக் கேட்கலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில அமைப்புகளில் இந்த ஜர்னல் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கணிப்பொறியை அணைத்தவுடன் மறைந்துவிடும். அதை வட்டில் நிலையாக எழுதுமாறு அமைத்துள்ளார்களா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுதல் நலம்.

இவற்றுடன் பழுதறி மென்பொருள்கள் தரும் அறிக்கைகளும் உண்டு. விண்டோஸின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ கருவி இயந்திரத்தின் உறுப்புகளையும் அவற்றை இயக்கும் நிரல்களையும் பட்டியலிட்டு ஒரு கோப்பாகச் சேமிக்க இடமளிக்கிறது. நினைவகத்தைச் சோதிக்கும் கருவி தன் முடிவைச் ‘சிஸ்டம்’ ஏட்டில் எழுதிவைக்கிறது. துவக்கத்தின்போது வட்டைச் சோதிக்கும் கருவியின் முடிவு ‘அப்ளிகேஷன்’ ஏட்டில் கிடைக்கும். வன்வட்டுகளும் தமக்குள்ளேயே ‘ஸ்மார்ட்’ எனப்படும் ஒரு கணக்கை வைத்துள்ளன. வட்டு எத்தனை மணி நேரம் இயங்கியது, பழுதான பகுதிகள் எத்தனை மாற்றப்பட்டன என்பன அதில் தெரியும்.

அறிக்கைக்கும் பதிவேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தலாகாது. பழுதறி அறிக்கை, நோயாளியின் உடல்வெப்பத்தை ஒரு முறை அளந்து பார்ப்பது போன்றது. பதிவேடு, கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டை போன்றது. நோயின் போக்கை மருத்துவர் அறிவது அட்டையிலிருந்தே.

படிக்கும் முறை

நல்ல நிலையிலுள்ள கணிப்பொறியிலும் நாள்தோறும் பல எச்சரிக்கைகளும் சில பிழைச் செய்திகளும் எழுதப்படுகின்றன. சிவப்புக் குறியைக் கண்டு அஞ்சுவது பயனற்றது. கோளாறு எழுந்த நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அந்நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள வரிகளை மட்டும் படிப்பதே முறை.

எடுத்துக்காட்டாக, பத்துக் கணிப்பொறிகள் உள்ள ஒரு வட்டார அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்று அடிக்கடி தானாகவே நின்றுபோகிறது. ‘பழைய இயந்திரம், மாற்ற வேண்டும்’ என்ற குறிப்பு மேலிடத்துக்குச் செல்லவிருக்கிறது. பதிவேட்டைத் திறந்தால் 41 என்னும் எண் பல முறை காணப்படுகிறது. இயந்திரம் முறையின்றி நின்றது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இனி அடுத்த அறையிலுள்ள கணிப்பொறிகளின் பதிவேடுகளையும் திறந்து பார்க்க வேண்டும். அவற்றிலும் அதே நிமிடங்களில் 41 இருக்குமானால் குற்றம் இயந்திரத்தில் இல்லை; மின்சாரத்திலோ, அவற்றுக்குப் பொதுவான யு.பி.எஸ். கருவியிலோ உள்ளது. மற்றவை தடையின்றி இயங்கியிருந்தால், இந்த ஒன்றின் மின்வழங்கியையும் இணைப்பையும் வெப்பநிலையையும் சோதிக்க வேண்டும். நிற்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு முறையும் வட்டைப் பற்றிய பிழைகள் இருக்குமானால் முதற்பணி பழுதுநீக்கம் அன்று; வட்டிலுள்ள ஆவணங்களை வேறிடத்துக்குப் படியெடுப்பதே.

ஒரே அறிகுறிக்கு மூன்று காரணங்கள், மூன்று தீர்வுகள், மூன்று வகைச் செலவுகள். ஒரு மின்கலத்தை மாற்றுவதோடு முடியக்கூடிய வேலைக்குப் புதிய கணிப்பொறி வாங்குவதும், படியெடுக்க வேண்டிய வட்டை அழித்துவிடுவதும் பதிவேட்டைப் படிக்காமையின் விளைவுகளே.

சேமித்தல்

பதிவேட்டுக்கு இடம் அளவோடுதான் ஒதுக்கப்பட்டுள்ளது. விண்டோஸின் முக்கிய ஏடுகளுக்கு இயல்பாக 20 மெகாபைட் அளவே வரம்பாக இருக்கும். இடம் நிறைந்ததும் பழைய வரிகள் அழிந்து புதியவை எழுதப்படும். ஒரு வரிக்குச் சராசரியாக 500 பைட் என்று கொண்டால், ஏட்டில் ஏறத்தாழ 40,000 வரிகள் அடங்கும். நாளொன்றுக்கு 5,000 வரிகள் சேரும் சர்வரில் எட்டு நாட்களுக்கு முந்தைய செய்தி எதுவும் இராது. டெபியன் வகை லினக்ஸில் வாரந்தோறும் ஏட்டை மாற்றி, பழைய ஏடுகளில் நான்கை மட்டும் வைத்திருப்பது இயல்பான ஏற்பாடு; அதாவது சுமார் ஒரு மாத வரலாறு.

எனவே சேமிப்பு என்பது தானாக நிகழ்வதன்று. ஏற்பாடு செய்யப்பட வேண்டியது. இதற்கு இரு நிலைகள் உண்டு.

முதலாவது, கோளாறு நேர்ந்தவுடன் செய்ய வேண்டுவது. ஈவென்ட் வியூவரில் ஏட்டைத் தேர்ந்தெடுத்து, எல்லா நிகழ்ச்சிகளையும் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால் அது தனிக்கோப்பாகும். அதன் மூல வடிவமான ‘இ.வி.டி.எக்ஸ்.’ வடிவிலேயே ஒரு படியை வைப்பது இன்றியமையாதது. நிகழ்ச்சிகளின் முழு விவரமும் அதில்தான் உண்டு. பட்டியலாகப் பார்க்கவோ எண்ணிக் கணக்கிடவோ விரும்பினால், ‘சி.எஸ்.வி.’ அல்லது உரை வடிவில் இரண்டாவது படியை எடுத்துக்கொள்ளலாம். தேவையான வரிகளை மட்டும் வடிகட்டிச் சேமிக்கவும் வழியுண்டு. ஆனால் முழு ஏட்டையும் சேமித்த பின்னரே வடிகட்டுதல் வேண்டும். இன்று தேவையற்றதாகத் தோன்றும் வரி, நாளைய விசாரணையில் திறவுகோலாகலாம். சேமித்த கோப்பைப் பழுதான வட்டிலேயே வைத்தல் கூடாது. கோப்பின் பெயரில் இயந்திரத்தின் பெயரும் நாளும் நேரமும் இருத்தல் நலம்.

இரண்டாவது, நிலையான ஏற்பாடு. ஏடு நிறைந்தால் பழையவற்றை அழிக்காமல் தனிக்கோப்பாக ஒதுக்கிவைக்குமாறு அமைக்கலாம். அதனினும் சிறந்தது, எல்லாக் கணிப்பொறிகளின் பதிவுகளும் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குச் சென்று சேருமாறு செய்வது. தாக்குதல் நடத்துபவர் ஒரு கணிப்பொறியைக் கைப்பற்றினால் முதலில் அழிக்க முயல்வது அதன் பதிவேட்டையே. படி வேறிடத்தில் இருக்குமானால் அம்முயற்சி வீணாகும்.

இதற்கு ஆகும் இடம் மிகுதி என்று சிலர் கருதலாம். நொடிக்கு ஒரு வரி, வரிக்கு 200 பைட் என்று கணக்கிட்டால் நாளுக்கு 86,400 வரிகள், சுமார் 17 மெகாபைட். 180 நாட்களுக்கு ஏறத்தாழ 3 கிகாபைட். திரும்பத் திரும்ப வரும் சொற்களால் ஆன உரையாதலால், சுருக்கிவைத்தால் இது பெரிதும் குறையும். சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு நினைவகத்தில் பல இயந்திரங்களின் அரையாண்டு வரலாற்றை வைக்கலாம்.

கடிகாரமும் பெயரும்

பதிவேட்டின் உயிர் அதன் நேரமே. இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் பத்து நிமிடம் வேறுபட்டால், எது முன், எது பின் என்பதே குழம்பிவிடும். இந்திய நிலை நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. அந்த நேரத்தோடு கணிப்பொறிகளை வலையமைப்பு வழியே இணைத்துவைக்க வசதி உள்ளது.

மற்றொரு குழப்பமும் உண்டு. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. பதிவில் அதிகாலை 4 மணி 30 நிமிடம் என்று காணப்படும் உள்நுழைவு, உண்மையில் காலை 10 மணிக்கு ஊழியர் வழக்கம்போல் பணியைத் தொடங்கியதாக இருக்கலாம். இதை உணராத விசாரணை அதிகாரி, இரவில் ஆவணத்தைத் திறந்தவர் என்று குற்றமற்ற ஊழியர் ஒருவரைச் சந்தேகிக்க நேரும்.

பெயரைப் படிப்பதிலும் இதே கவனம் வேண்டும். பதிவேடு காட்டுவது பயனாளர் கணக்கின் பெயரையே. விசைப்பலகையின்முன் அமர்ந்தவரை அன்று. பிரிவு முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தில், பதிவு எவரையும் சுட்டவும் இயலாது; எவரையும் விடுவிக்கவும் இயலாது. தொடர்ந்து வரும் 4625 என்னும் எண்ணும் எப்போதும் கள்ள முயற்சி ஆகாது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, பழைய சொல்லோடு பின்னணியில் இயங்கும் ஒரு நிரலும் அதே வரியை எழுதும்.

சட்டம் கூறுவது

2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பாதிக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. புறநோயாளிகளின் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையால் நடைபெற்றன. இத்தகைய தாக்குதலில் ஆய்வாளர் கேட்கும் முதல் வினா, எந்த வழியாக, எப்போது நுழைந்தனர் என்பதே. அதற்கான விடை பதிவேடுகளில்தான் தேடப்படுகிறது.

1976-ல் தேசிய தகவலியல் மையம் தோற்றுவிக்கப்பட்டபோது அரசின் கணிப்பொறிகள் மிகச் சில. இன்று நிலைமை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 70-பி பிரிவின்படி இயங்கும் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட கட்டளைகள் இத்துறையில் முக்கியமானவை. அரசு அமைப்புகள், நிறுவனங்கள், தரவு மையங்கள் முதலியவை தம் கணிப்பொறி அமைப்புகள் அனைத்திலும் பதிவு செய்தலை இயங்கச் செய்து, 180 நாட்களுக்குரிய பதிவுகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளை, கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும். மேலே கூறிய எட்டு நாள் ஏடும் ஒரு மாத ஏடும் இக்கட்டளைக்கு எவ்வளவு பின்தங்கியவை என்பது சொல்லாமலே விளங்கும்.

நீதிமன்றத்தில் பதிவு சான்றாக நிற்க வேண்டுமானால், அது மாற்றப்படவில்லை என்று காட்ட வேண்டும். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவும் சான்றிதழைக் கோருகிறது. கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் விரல்ரேகை போன்றது. ‘ஷா-256’ என்னும் முறையில் எத்துணைப் பெரிய கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஓர் எண் கிடைக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். சேமித்த அன்றே ஹாஷ் எண்ணைக் கணித்துக் கையொப்பத்துடன் குறித்துவைத்தால், ஓராண்டுக்குப் பின்னரும் கோப்பு அதுவே என்று நிறுவலாம்.

மத்திய அரசின் ஆவணங்களைப் பொறுத்தவரை, பொது ஆவணங்கள் சட்டம் 1993, கணிப்பொறி உருவாக்கும் பொருள்களையும் பொது ஆவணம் என்னும் சொல்லின் வரையறைக்குள் சேர்த்துள்ளது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

எல்லைகள்

பதிவேடு பாதுகாப்புக்குக் கருவி; அதுவே கண்காணிப்புக்கும் கருவியாகலாம். ஒரு குடிமகன் எந்நாளில், எந்த அலுவலகத்தில், எந்த உதவிக்காகத் தன்னை அடையாளம் காட்டினான் என்ற வரிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்தால், அவன் வாழ்க்கையே வரைபடமாகிவிடும். ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இக்கருத்தை எடுத்துக்கொண்டது. அடையாளச் சரிபார்ப்பின் பதிவுகளை ஐந்தாண்டுகள் வரை வைத்திருக்க இடமளித்த விதியை அது ஏற்கவில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்றது. ஒரு புறம் 180 நாட்களாவது வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளை. மறுபுறம் ஆறு மாதங்களுக்கு மேல் கூடாது என்ற தீர்ப்பு. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது இயந்திரத்தின் நடத்தையைப் பற்றியது. பின்னது மனிதனின் நடமாட்டத்தைப் பற்றியது.

பதிவில் எழுதக் கூடாதவையும் உண்டு. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், ஒரு மென்பொருள் பிழையால் பயனாளர்களின் கடவுச்சொற்கள் தன் உள்பதிவேட்டில் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருந்ததைத் தானே அறிவித்து, 33 கோடிக்கு மேற்பட்ட பயனாளர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை பதிவுக் கோப்பில் இடம்பெறாமல் நிரலாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதுநீக்கும் நிறுவனத்துக்குப் பதிவுக் கோப்பை அனுப்புமுன், அதில் என்னென்ன உள்ளன என்பதை அலுவலகம் பார்த்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஒவ்வோர் அலுவலகத்திலும் பதிவேடுகளுக்குப் பொறுப்பான ஒருவர் குறிக்கப்படுதல் வேண்டும். வாரம் ஒரு முறை முக்கிய இயந்திரங்களின் ஏடுகளை அவர் பார்வையிட வேண்டும். ‘பதிவுகளைச் சேமித்து ஒப்படைத்த பின்னரே வட்டை அழிக்கலாம்’ என்ற ஒரு வரியைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்த்தல் வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் அளிக்கப்பட வேண்டும். பதிவேட்டைக் காண்பவர் யார், அழிக்கும் உரிமையுடையவர் யார் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இராமல் இருப்பது சாலச் சிறந்தது.

கல்லூரிகளில் கணிப்பொறி பயிலும் மாணவர்கள் நிரல் எழுதக் கற்கின்றனர். அந்நிரல் பிழைபட்டபோது அது விட்டுச்செல்லும் சுவடுகளைப் படிக்கக் கற்பவர் குறைவு. தம் கணிப்பொறியிலேயே ஈவென்ட் வியூவரைத் திறந்து, நேற்று அது எப்போது இயங்கத் தொடங்கியது, எப்போது நின்றது என்று கண்டுபிடிப்பது முதற் பயிற்சியாக அமையலாம்.

ஜீப்பின் லாக் புத்தகத்தில் ஒரு நாள் விடுபட்டால் தணிக்கையாளர் கேள்வி எழுப்புகிறார். கணிப்பொறியின் பதிவேட்டில் ஆறு மாதங்கள் விடுபட்டாலும் இன்று பல இடங்களில் கேட்பாரில்லை. ஓய்வூதியம் வராத முதியவருக்கும், பெயர் நீக்கப்பட்ட குடும்ப அட்டைதாரருக்கும் ‘கணிப்பொறியில் ஏதோ கோளாறு’ என்ற ஒரே பதிலைச் சொல்லி அனுப்பும் நிலை மாற வேண்டும். என்ன கோளாறு, எப்போது, ஏன் என்ற வினாக்களுக்கு விடை அந்த இயந்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை அழியாமல் காப்பதும் படித்துச் சொல்வதும் நிர்வாகத்தின் கடமையாகும்.